பெயர் எழுதாத சீட்டு

கிள்ளான்
4 மார்ச் 1985

பிரதர் ஜெயராஜ் அவர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸில் உங்கள் மாடி ஜெபவீட்டில் எல்லோரும் உங்களைப் பிரதர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் நானும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. போன ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபத்துக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான் கிறிஸ்தவள் அல்ல. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். ஐயர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். பின்னால் நிற்கிறவர்களுக்குக் காது உண்டு. என் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடியாத நிலையில் நான் இருந்தேன், இருக்கிறேன். உங்கள் இடத்தில் பெயர் வேண்டாம், வேண்டுதலைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டால் போதும் என்று ரயிலில் ஒரு அம்மா சொன்னார்.

போட்டேன். நீங்கள் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, வாசித்து, வாசித்ததையே பாடினீர்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். என் சீட்டையும் பாடினீர்கள். நான் எழுதியது எழுதியபடி. அன்று அழுதேன். ஜெபம் முடிந்ததும் சீட்டுகளைக் கிழித்துவிடுவோம் என்று நீங்களே சொன்னீர்கள்.

போன சனிக்கிழமை சோறு கொதித்துக்கொண்டிருந்த நேரம். ரேடியோவில் அறிவிப்பாளர், பிரிக்பீல்ட்ஸ் பாடகரின் புதிய கேசட், காதல் பாட்டு என்றார்.

இரும்புக் கதவு உரசும் ஓசை
இன்று கேட்காதோ
ஒற்றை இருமல் வாசலில் நின்று
உள்ளே வாராதோ

அடுப்பை அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று தெரியவில்லை. அரிசி பாதிதான் வெந்திருந்தது.

அது என் கதவு. அம்பாங்கில் நான் விட்டு வந்த வீட்டின் கதவு. சாவிக்கொத்து விழும் மைலோ டின்கூட இரண்டாவது சரணத்தில் வருகிறது. அம்பாங் என்ற பெயரும் வருகிறது. நான் எழுதியது, இந்தச் சத்தங்கள் எங்கள் புது வாசலுக்கு வழி கண்டுபிடிக்கக் கூடாது என்று. நீங்கள் பாடுவது, வா என்று.

இரண்டு காரியம். சீட்டைத் திருப்பி அனுப்புங்கள். பாட்டை நிறுத்துங்கள். பதில் வேண்டும் என்பதற்காகத்தான் உறையின் பின்புறம் விலாசம் எழுதுகிறேன். மூன்று ஆண்டில் நான் விலாசம் எழுதிய முதல் உறை இது. யாரிடமும் காட்ட வேண்டாம்.

சந்திரகலா

*

பிரிக்பீல்ட்ஸ்
11 மார்ச் 1985

மதிப்புக்குரிய சகோதரி,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சீட்டை எழுதிய கையெழுத்தும் உறையின் கையெழுத்தும் ஒன்று. ஏழு மாதம் அந்தக் கையெழுத்துக்கு முகம் இல்லாமல் இருந்தது.

கிழிக்காதது தவறு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் கிழிக்கவில்லை என்று சொல்ல விடுங்கள்.

எல்லாச் சீட்டும் கேட்பதில்தான் தொடங்கும். வேலை வேண்டும். கால் வீக்கம் வற்ற வேண்டும். மகன் திருந்த வேண்டும். உங்களுடையது நான்கு வரி வரைக்கும் எதையும் கேட்கவில்லை. ஒரு கதவு தரையில் உரசுகிறது. ஒரு கால் அதைத் தூக்குகிறது. ஒரு இருமல். ஒரு சாவிக்கொத்து. ஐந்தாவது வரியில்தான் சாமி வருகிறார். பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு இலக்கியம் படித்துவிட்டு ஓடி வந்தவன் நான். அங்கே படித்த எதிலும் இப்படி நான்கு வரி இல்லை.

என் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று ஓட்டலில் கேட்பார்கள். அங்கே லவுஞ்சில், குடிக்க வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில், புதன்தோறும் பாடுகிறேன். கறுப்பர்களின் தேவாலயத்திலிருந்து வந்த சோல் இசை என்று சொல்லி வைப்பேன். உண்மையில் அந்த பிஸ்கட் டின்னிலிருந்து வருகிறது. மாடியில் பாடுவதும் லவுஞ்சில் பாடுவதும் எனக்கு ஒரே மூச்சு. மாடியில் கேட்கிறவர் மேலே இருக்கிறார். லவுஞ்சில் நான்காவது மேசையில் இருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் அவர் வரக் கூடாது என்று எழுதினீர்கள். நான் வா என்று மாற்றினேன். வேண்டுமென்றேதான். ஒருவரை வெறுக்கிறவர் அவருடைய இருமலை இவ்வளவு நுணுக்கமாக ஞாபகம் வைத்திருக்க மாட்டார். உங்கள் சீட்டில் எழுதாமல் விட்டதைத்தான் நான் பாடினேன் என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். மன்னிக்கவும்.

கேசட் கடைகளுக்குப் போய்விட்டது. ரேடியோ என் கையில் இல்லை. சீட்டை அனுப்ப மனம் வரவில்லை. கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும்.

ஜெயராஜ்

*

கிள்ளான்
20 மார்ச் 1985

பிரதர்,

உங்கள் கடிதத்துக்கு ஒன்பது நாள் பதில் எழுதவில்லை. எழுதினால் இதையெல்லாம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டாம் என்றுதான் ஊர் மாறினேன்.

ஒரு மனிதனின் சத்தத்தை நுணுக்கமாகக் கேட்க அன்பு தேவையில்லை.

கதவு உரசினால் ரமணியைப் பின் அறைக்கு அனுப்ப எனக்கு இருபது எண்ணும் நேரம் இருக்கிறது. ரமணி என் மகள். அப்போது ஆறு வயது, இப்போது ஒன்பது. ஒரு இருமல் என்றால் என் கணவர் குடிக்கவில்லை. இரண்டு என்றால் குடித்திருக்கிறார். சாவிக்கொத்தை மைலோ டின்னில் மெதுவாக வைத்தால் அன்று சாப்பிடலாம். வாசலில் நின்றே டின்னுக்குள் எறிந்தால், சாப்பாட்டை எடுத்து வைக்காமல் சுவர் ஓரமாக நிற்க வேண்டும். நீங்கள் நுணுக்கம் என்று எழுதியது இதுதான். எங்கள் வீட்டில் வானிலை அறிக்கை.

இடது மணிக்கட்டு இரண்டு முறை உடைந்திருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் தட்டச்சு செய்கிறேன். மழை நாளில் அந்தக் கை பின்தங்கும். இரண்டு முறையும் போலீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்லவர், தேநீர் கொடுத்தார். "குடும்ப விஷயம் சிஸ்டர், ரெண்டு பேரும் பேசிக்குங்க லா" என்றார். ஒருநாள் ரமணி பின் அறைக்குப் போகாமல் எனக்கு முன்னால் வந்து நின்றாள். அதற்கு மேல் எழுதவில்லை. அடுத்த முறை அவர் மரம் ஏற்றிக்கொண்டு ஜோகூர் போனபோது இரண்டு பையோடு வந்துவிட்டோம்.

அவர் பெயர் வேலாயுதம். லோரி ஓட்டுகிறார். லோரியில் ரேடியோ இருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டால், தன் வீடு என்று அவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பாடுகிறவருக்கு யார் சொன்னார்கள் என்று அடுத்த நிமிடத்தில் யோசிப்பார்.

உறையை எரித்துவிடுங்கள். இந்த உறையையும். சீட்டு போகட்டும்.

சந்திரகலா

*

பிரிக்பீல்ட்ஸ்
21 மார்ச் 1985

சகோதரி,

நீங்கள் பதில் எழுதவில்லை. கோபம் என்று புரிந்தது. இருந்தாலும் இதை உடனே எழுத வேண்டும். கை நடுங்குகிறது, சந்தோஷத்தில்.

நேற்று லவுஞ்சில் முதல் சுற்றுக்கு முன்னால், ஆறரை மணிக்கு, ஒருவர் வந்தார். பெரிய உடம்பு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இப்படிப்பட்ட இடத்துக்கு வந்து பழக்கமில்லாதவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கதவு பாட்டு நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

"அந்த மைலோ டின் என்னோடது லா."

பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் சத்தமில்லாமல் அழுவதை நான் பார்த்ததில்லை. குவாந்தான் ரோட்டில் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்டாராம். அவள் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாராம். மூன்று வருஷமாகத் தேடுகிறாராம். பிள்ளைக்கு இப்போது என்ன வயது இருக்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். குடியை விட்டுவிட்டதாகச் சொன்னார், நான் கேட்காமலே.

நீங்கள் யாரிடமும் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஞாபகம் இருந்தது. ஆனால் யாரிடமும் என்பதில் இவர் சேர்வாரா என்று யோசித்தேன். இல்லை என்று தோன்றியது. பாட்டுப் பட்டியலின் பின்புறம் உங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறார். சும்மா ஒருமுறை கதவைத் திறங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

போகும்போது லவுஞ்ச் வாசலில் நின்று ஒருமுறை இருமினார். என் பாட்டு எழுந்து நடந்து போவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஜெயராஜ்

*

கிள்ளான், உங்கள் வாசல்
23 மார்ச் 1985, சனி, மாலை

அக்கா,

இருபதாம் தேதிக் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. மணிக்கட்டு என்ற இடம்வரை நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்தேனா என்று தெரியவில்லை. ரயிலில் இருந்தேன்.

உங்கள் வீடு பூட்டியிருக்கிறது. கொடியில் ஒரு பள்ளிச் சட்டை. கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தமாகக் கூப்பிடப் பயம். உங்கள் பெயரை இந்தத் தெருவில் சத்தமாகச் சொல்லலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நாளை காலை அவர் வருகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் கீழே தள்ளினேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது. அதை முதலில் எடுக்கப் போவது யார்? விளக்குமாற்றுக் குச்சியால் வெளியே இழுத்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. நான் செய்கிற ஒவ்வொன்றும் அவருக்கே உதவுகிறது.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் வேலி ஓரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நீங்கள் எங்கே என்று கேட்டேன்.

"தெரியாது."

ஊரை விட்டுப் போய்விட்டார்களா என்றேன்.

"நீதான் அந்தப் பாட்டுக்காரனா? தெரியாதுன்னு சொல்றேன்ல."

இந்தக் கடிதத்தையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். வாங்கிக்கொண்டு, "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போம்தான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை.

நான் போகவில்லை. இங்கேயே இருக்கிறேன்.

ஜெ.

*

பிரிக்பீல்ட்ஸ்
30 மார்ச் 1985

அக்கா,

நீங்களும் ரமணியும் நலம் என்று நல்லம்மாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதையாவது கற்றுக்கொண்டேன்.

ஞாயிறு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் எழுத வேண்டும். பேச முடியாது. தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

காலை பத்து மணி. நான் உங்கள் படியில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் லோரி நின்றது. முதலில் அவரைப் பார்க்கவில்லை. இருமலைத்தான் கேட்டேன். இரண்டு.

உங்கள் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் மனம் முதலில் என்ன செய்தது தெரியுமா? தாளம் எண்ணியது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஒரு கையில் ஆரஞ்சுப் பழங்கள். இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் மடித்த பாவாடை சட்டை. ஆறு வயதுப் பிள்ளைக்கான அளவு. அது எனக்கே தெரிந்தது. லவுஞ்சில் என்னிடம் விரல் விட்டு எண்ணியவர்தான்.

"என்ன தம்பி இங்க? பாட வந்தீங்களா?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு.

அவர்கள் இல்லை, போய்விட்டார்கள் என்றேன்.

"எங்க?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று இந்த ஏழு நாளாக யோசிக்கிறேன். அந்த முகத்துக்கு முன்னால் யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள்.

அவர் குனிந்து பழங்களைப் படியில் வைத்தார். உருளாமல், ஒவ்வொன்றாக. பிளாஸ்டிக் பையை அவற்றின் பக்கத்தில் வைத்தார். அந்த அமைதியில்தான் எனக்குப் புரிந்தது. அடி அதற்குப் பிறகுதான் வந்தது. நல்லம்மாள் அக்கா துணி துவைக்கிற வாளியோடு ஓடி வந்ததும், எதிர்வீட்டுச் சீனரும் அவர் மகன்களும் வேலாயுதத்தைப் பிடித்துக்கொண்டதும் அரைகுறையாகத்தான் ஞாபகம்.

போலீசுக்கு எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். விலாசத்தைக் கொடுத்தது நான் என்பதையும் எழுதினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் அழுதார் என்பதற்காக நான் விலாசம் கொடுக்கவில்லை. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். என் பாட்டு உண்மை என்று சொல்ல ஒரு ஆள் வந்திருந்தார். அவர் உங்களிடம் வந்து சேர்ந்தால் பாட்டு நிரூபணமாகும். அதற்காகத்தான் கொடுத்தேன்.

ரேடியோவுக்கு எழுதினேன். நேயர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று பதில் வந்தது. கேசட் போட்ட பாலனிடம் தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "அடி பட்டதுல மூளை கலங்கிருச்சா பிரதர்?" என்றான். மாடியிலும் லவுஞ்சிலும் இனி பாடப் போவதில்லை என்று எழுதலாம். இப்போது பாட முடியாதவன் அப்படி எழுதுவதில் என்ன இருக்கிறது.

சீட்டு இத்துடன் இருக்கிறது. மன்னியுங்கள் என்று எழுத எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. எழுதிவிட்டேன். உங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும்.

ஜெயராஜ்

*

18 ஏப்ரல் 1985

ஜெயராஜ்,

இந்தக் கடிதத்தில் ஊர்ப் பெயர் இல்லை. உறையில் இருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டாம். அது நான் இருக்கும் ஊர் அல்ல.

உங்கள் இருபத்தொன்றாம் தேதிக் கடிதம் சனிக்கிழமை பதினொன்றரைக்கு வந்தது. வாசலில் நின்றே படித்தேன். சந்தோஷத்தில் கை நடுங்குகிறது என்று ஆரம்பித்திருந்தீர்கள். அந்த வரியை இரண்டாவது முறை படித்தேன், யாருக்கோ எழுதிய கடிதம் தவறி வந்துவிட்டது என்று நினைத்து. பிறகு ரமணியைக் கூப்பிட்டேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவள் எதுவும் கேட்காமல் பள்ளிப் பையை எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக நாங்கள் அதைப் பேசியதே இல்லை. அவள் மறக்கவில்லை. அதுதான் எனக்கு அந்தக் கடிதத்தைவிடப் பெரிய அதிர்ச்சி. கடிதம் ஒரு நாள் தாமதித்திருந்தால் அவர்தான் முதலில் வந்திருப்பார், ஞாயிறு தபால் இல்லை.

உங்கள் தாடைக்கு ஒரு கேஸ் எண் கிடைத்தது. நல்லம்மாள் தொலைபேசியில் வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். என் மணிக்கட்டுக்கு இரண்டு முறையும் தேநீர் கிடைத்தது. ஆம்பிளையை ஆம்பிளை அடித்தால் அது வழக்கு. இதை உங்களைக் குத்திக் காட்ட எழுதவில்லை. அவரை எட்டு நாள் உள்ளே வைத்தார்கள். அந்த எட்டு நாளில்தான் நான் வேலையிலிருந்து விலகி, ரமணியின் பள்ளிக் காகிதங்களை வாங்கி, மீதிச் சாமான்களை எடுத்தேன். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன். இப்போது ஜாமீனில் இருக்கிறார். லோரியை விற்றுவிட்டாராம். வேறு எதில் வருவார் என்று தெரியாது. கதவு உரசுகிற வீடும் இனி இல்லை, இருபது எண்ண.

சீட்டு வந்தது. கிழித்தேன். வேறொரு கடவுளிடம் போய் எழுதிக் கேட்கும் எண்ணம் இல்லை.

விலாசம் ஏன் கொடுத்தீர்கள் என்று எழுதியதை நம்புகிறேன். அவ்வளவையும் எழுத நீங்கள் சிரமப்பட்டிருப்பீர்கள். மன்னிப்பு கேட்டிருக்கிறீர்கள். மன்னித்தேன் என்று எழுதினால் நீங்கள் பதில் எழுதுவீர்கள். பதில் எழுத ஒரு விலாசம் தேடுவீர்கள். நல்லம்மாளிடம் போவீர்கள். உங்களைப் பின்தொடர்ந்து இன்னொருவர் போவார். ஆகவே எழுதவில்லை.

இனி எழுத வேண்டாம். இது என் கடைசிக் கடிதம்.

ஒன்றே ஒன்று. புது வீட்டின் பக்கத்தில் கல்யாணமான இளசுகள் இருக்கிறார்கள். உங்கள் கேசட் வைத்திருக்கிறார்கள். காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, சாயங்காலம் அவன் வரும் நேரத்தில் ஒருமுறை போடுகிறாள். முதல் வாரம் எழுந்து போய் ஜன்னலை மூடினேன். மூடினால் தெரு கேட்காது. இப்போது திறந்தே வைக்கிறேன். நல்ல குரல் உங்களுக்கு. அந்தக் குரலுக்கு அடியில் வேறு சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சந்திரகலா